மஜ்ஜை வரை ஒரு பயணம்

பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குள் இருக்கும் மருந்து வெறும் 0.6 மில்லி. நிறம் கிடையாது, வாடை கிடையாது. கீமோ ஏற்றிய மறுநாள் வயிற்றுச் சதையிலோ தொடையிலோ மேல்கையிலோ தோலுக்கடியில் போடுவார்கள். போட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கீமோ வார்டு வராந்தாக்களில் யாரும் இதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை. ‘கவுண்ட் ஊசி’ என்பார்கள், ‘பெக் போட்டாச்சா?’ என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். தினமும் போட வேண்டிய இதன் மூத்த வடிவத்துக்கு ஃபில்கிராஸ்டிம் என்று பெயர். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே புரதம். அது எங்கே கண்டெடுக்கப்பட்டு, யார் யார் கைமாறி, எந்தெந்தக் குளிர்பெட்டிகளில் தங்கி நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்தது என்று தெரிந்தால், ஊசிக்குப் பிறகு வரும் சில கடினமான நாட்களைப் பயமின்றிக் கடக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கதை எலும்புக்குள் தொடங்குகிறது. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. வெள்ளையணுக்களில் இவைதான் அதிகம். பாக்டீரியா நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவையும் இவைதான். ரத்தத்துக்குள் வந்துவிட்டால் இவற்றின் ஆயுள் குறுகியது. பழையவை மடிய மடியப் புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். மஜ்ஜையை ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பதுதான் கீமோ மருந்துகளின் வேலை. புற்றுக்கட்டி எது, நாற்றங்கால் எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், மருந்தைப் பொறுத்து, நியூட்ரோஃபில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கும் கீழே இறங்கி, கூடவே காய்ச்சலும் வந்தால் அது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. சீழ் கட்டுவதற்கே நியூட்ரோஃபில் வேண்டும். அது இல்லாத உடம்பில் தொற்று புகுந்தாலும் வீக்கமோ சீழோ தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த நாற்றங்காலை யார் முடுக்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்த இடம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன். 1960-களின் நடுவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ரே பிராட்லி, எலியின் புற்று உயிரணுக்களை அகார் கூழில் வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். வளர வேண்டியவை வளரவில்லை. துணைக்கு வைத்த மஜ்ஜை உயிரணுக்கள் கூழுக்குள் சின்னச்சின்னத் திரள்களாகப் பெருகியிருந்தன. வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் இருந்த டொனால்ட் மெட்காஃப் அந்தத் தட்டுகளைப் பார்த்தார். அவருடைய மீதி வாழ்க்கைக்கான வேலை அங்கே முடிவாகிவிட்டது. 1966-இல் இருவரும் அதைப் பதிப்பித்தார்கள். ஓராண்டு முன்பே இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் லியோ சாக்ஸும் டோவ் ப்ளுஸ்னிக்கும் தனியாக இதே முறையைக் கண்டிருந்தனர். மஜ்ஜை உயிரணு தானாகப் பெருகுவதில்லை, வெளியிலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்து தூண்டினால்தான் திரளாகிறது என்பது இரண்டு இடத்திலும் தெரிந்தது.

மெட்காஃப் ஹால் நிறுவனத்தில் சேர்ந்த ஆண்டு 1954. முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே 1954-இல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொடக்கங்கள். ஆனால் இந்த மருந்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஒரு பக்கம் கூழுக்குள் புள்ளி எண்ணும் வேலை, இன்னொரு பக்கம் படுக்கையோரம் நோயாளியைப் பார்க்கும் வேலை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

ஏன் அத்தனை காலம்? தூண்டும் பொருள் உடம்பில் இருக்கும் அளவு மிகச் சொற்பம். அது வெறும் கண்ணாடித் தட்டில் மட்டும் நடக்கும் விளையாட்டு, உடம்புக்குள் இதற்கு வேலையில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மெட்காஃப் விடவில்லை. நுண்ணோக்கியில் குனிந்து திரள்களை எண்ணுவதை ஓய்வுபெற்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. இந்தத் தூண்டிகள் ஒன்றல்ல, நான்கு வகை என்று கடைசியில் தெரிந்தது. எலிக்குப் பாக்டீரியாவின் நச்சுப்பொருளைச் செலுத்தினால் அதன் நுரையீரல் இந்தத் தூண்டிகளை அதிகமாகச் சுரக்கும். அப்படிப்பட்ட நுரையீரல்களிலிருந்துதான் 1983-இல் மெட்காஃபும் அவருடைய சக ஆய்வாளர் நிக்கோலாவும் மற்றவர்களும் நியூட்ரோஃபிலுக்கான தூண்டியைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஜி-சிஎஸ்எஃப் என்று இன்று சொல்வது அதைத்தான்.

எலியின் புரதம் மனிதருக்கு ஆகுமா? மனித உடம்பின் சொந்தத் தூண்டி வேண்டும். அது கிடைத்த இடத்தை முதன்முதலில் படித்தபோது நான் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் கார்ல் வெல்ட் குழுவினர் 1985-இல் மனித ஜி-சிஎஸ்எஃபைப் பிரித்தெடுத்தது சிறுநீர்ப்பைப் புற்று உயிரணுக்களிலிருந்து. 5637 என்ற எண்ணால் குறிக்கப்படும் அந்த உயிரணு வரிசை ஆய்வகத்தில் வளரும்போது தான் மிதக்கும் திரவத்திலேயே இந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டிருந்தது. 1986-இல் கலிபோர்னியாவின் ஆம்ஜென் நிறுவனத்தில் லாரி சௌசாவின் குழு, வெல்ட்டோடு சேர்ந்து இதற்கான மரபணுவைப் படியெடுத்தது. அதே ஆண்டு ஜப்பானில் ஷிகெகாசு நகாதாவின் குழுவும் படியெடுத்தது. அவர்கள் பயன்படுத்தியதும் ஒரு புற்று உயிரணு வரிசைதான், வாய்ப்புற்றிலிருந்து வந்தது. கீமோவைத் தாங்குவதற்கான துணையைப் புற்றிடமிருந்தே பெற்றிருக்கிறோம். மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் இந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1988-இல் வெளியிட்ட ஆய்வும், சிறுநீர்ப் பாதையின் புற்றுக்குக் கீமோ எடுத்தவர்களைப் பற்றியதே. அவர்களுக்கு வெள்ளையணுக்கள் சீக்கிரம் மீண்டன, அடுத்த தவணை மருந்தைத் தள்ளிப்போடாமல் கொடுக்க முடிந்தது.

மரபணு கையில் வந்ததும் அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். பெரிய கலன்களில் பாக்டீரியா பெருகும். மனிதப் புரதத்தைத் தன்னுடையதென்று எண்ணிச் செய்து தரும். அதைப் பிரித்து, சரியான வடிவத்துக்கு மடித்து, சுத்திகரித்தால் மருந்து. மனித உடம்பு செய்யும் புரதத்தில் 174 அமினோ அமிலங்கள். பாக்டீரியா செய்ததில் 175, தொடக்கத்தில் மெத்தியோனைன் ஒன்று கூடுதல். இந்த ஒரு கூடுதல் பின்னால் பெரிய உதவியாகும். 1991 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்டிஏ ஃபில்கிராஸ்டிமுக்கு அனுமதி தந்தது. நுரையீரல் புற்றில் ஒரு வகைக்குக் கீமோ எடுத்தவர்களிடம் நடத்திய ஆய்வில், வெள்ளையணு குறைந்து காய்ச்சல் வந்தவர்கள் வெறும் ஊசி போட்ட குழுவில் 77 சதவீதம், மருந்து போட்ட குழுவில் 40 சதவீதம். பாதிக்குச் சற்றே மேல். எல்லாரையும் அது காப்பாற்றிவிடவில்லை என்பதையும் அந்த 40 சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

ஃபில்கிராஸ்டிமின் சிக்கல், அது சீக்கிரம் போய்விடுவது. சுமார் மூன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி கரைந்துவிடும். அதனால் தினம் ஒன்று, சில சமயம் இரண்டு வாரம் வரைக்கும். தினமும் பேருந்து ஏறி வந்து ஊசி போட்டுக்கொள்வது கீமோவால் துவண்ட உடம்புக்கு என்ன பாடு என்று போட்டவர்களைக் கேட்டால் தெரியும். இங்கேதான் அந்த மெத்தியோனைன் கைகொடுத்தது. அதன் முனையில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட சங்கிலி ஒன்றைக் கோர்த்தார்கள். புரதம் பெரிதானதும் சிறுநீரகத்தால் எளிதில் வடித்து வெளியேற்ற முடியவில்லை. 2002-இல் வந்த பெக்ஃபில்கிராஸ்டிம் இதுதான், ஒரு சுழற்சிக்கு ஒரு ஊசி. சிறுநீரகம் விட்டதை நியூட்ரோஃபில்களே பிடித்து உள்ளிழுத்து அழிக்கின்றன. எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை மருந்து ரத்தத்தில் தங்கும். எண்ணிக்கை ஏறிவிட்டால் ஏறியவையே மருந்தைத் தீர்த்துவிடும். மருந்தியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அதிகம் படித்ததில்லை.

இந்தியாவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2001-இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் உள்நாட்டிலேயே தயாரித்த ஃபில்கிராஸ்டிமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்கள். 2018-இல் பெங்களூரின் பயோகான், மைலான் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய பெக்ஃபில்கிராஸ்டிமுக்கு அமெரிக்காவே அனுமதி கொடுத்தது. அந்த மருந்துக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் நிகர்மருந்து அது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஃபில்கிராஸ்டிமை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நம்மூர் மெடிக்கல்ஸில் பல பெயர்களில் இது கிடைப்பதற்கு இந்த உள்நாட்டுத் தயாரிப்புகளே காரணம்.

இனி நம் கைக்கு வரும் கட்டம். ஆலையிலிருந்து கிளம்பும்போதிருந்து இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். குளிர் வண்டி, கிடங்கு, கடை ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொரு இடத்திலும் வெப்பமானியும் பதிவேடும் இருக்கும். அதற்கடுத்து ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு ஐஸ் பேக், ஒரு துணிப்பை, ஜன்னலோர சீட். வெப்பமானி அங்கே நின்றுவிடுகிறது. கீமோவுக்கும் ஊசிக்கும் இடையில் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும் என்பதால், ஒரே நாளில் ஊர் திரும்புகிறவர்கள் ஊசியைக் கையோடு வாங்கிப் போய் உள்ளூரில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த 24 மணி நேரம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: கீமோ மருந்து ரத்தத்தில் இருக்கும்போதே மஜ்ஜையை முடுக்கிவிட்டால், முளைவிடும் இளம் அணுக்களை அந்த மருந்தே கொன்றுவிடும். பெக் ஊசிக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில் 14 நாட்கள் விடச் சொல்வதும் இதனால்தான். மேலைநாடுகளில் உடம்பில் ஒட்டிவிட்டால் மறுநாள் தானே மருந்தைச் செலுத்தும் சின்னக் கருவி 2014-இன் இறுதியிலிருந்தே உண்டு. நம் ஊரில் தெர்மாகோல் பெட்டிதான்.

அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் சொல்கிறேன். ஊசியின் அட்டைப்பெட்டி ஐஸ் பேக்கோடு நேரடியாக ஒட்டக்கூடாது. நடுவில் ஒரு துண்டையோ செய்தித்தாள் மடிப்பையோ வையுங்கள். இந்தப் புரதத்துக்குச் சூடு எவ்வளவு பகையோ, உறைவதும் அவ்வளவு பகை. வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் ஃப்ரீசருக்கு ஒட்டிய மேல்தட்டு வேண்டாம். திறந்து திறந்து மூடும் கதவுத் தட்டும் வேண்டாம். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடே, வெளிச்சம் படாமல் இருக்கட்டும். குலுக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் வைக்கலாம், அல்லது மெடிக்கல்ஸ்காரரிடமே ‘போடுகிற அன்று வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மின்சாரம் வெகுநேரம் போய்விட்டாலோ, மருந்து உறைந்திருந்தாலோ, கலங்கித் துகள் தெரிந்தாலோ, போட்டுக்கொள்ளும் முன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் குத்தும்போது எரிச்சல் குறையும். வெந்நீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடேற்ற வேண்டாம்.

எங்கள் அக்காவுக்கு மார்பகப் புற்று சிகிச்சை நடந்தபோது முதல் பெக் ஊசியை உள்ளூர் நர்ஸ் ஒருவர்தான் வீட்டுக்கு வந்து போட்டார். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, இடுப்பெலும்பு உள்ளேர்ந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா. நெஞ்செலும்பும் சேந்துக்கிச்சு. ஒரு பக்கமா படுக்க முடியல.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நோய் எலும்புக்குப் போயிடுச்சோ?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்தேன். பணியில் இருந்த சிஸ்டர் ஒரு கேள்விதான் கேட்டார்: “நேத்து பெக் போட்டீங்களா சார்?” ஆமாம் என்றேன். “அதான். மஜ்ஜை வேலை செய்யுது. பயப்படாதீங்க. மொதல்ல டெம்பரேச்சர் பாத்துச் சொல்லுங்க.” காய்ச்சல் இல்லை. பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். அக்கா மாத்திரையில் பாதி, அந்தச் சொல்லில் பாதி என்று தூங்கினார். மருந்துச்சீட்டில் நாலைந்து பேர் கையெழுத்து இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தை யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. இது எந்த ஒரு ஆஸ்பத்திரியின் குறை மட்டுமல்ல. எத்தனையோ வீடுகளில் இதே ராத்திரி நடக்கிறது.

நாற்றங்கால் இருப்பது எங்கே? இடுப்பெலும்பில், முதுகெலும்பில், நெஞ்செலும்பில், தொடையெலும்பின் மேல்முனையில். வலி வருவதும் அங்கேதான். இறுகிய எலும்புக்குள் அணுக்கள் சட்டென்று பெருகும் நெருக்கம் ஒரு காரணம். கூடவே சுரக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் நரம்புகளைக் கூச வைப்பது இன்னொரு காரணம் என்று கருதுகிறார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் தொடங்கி, பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். சிலருக்கு வலியே வராது, அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. முதல் மருந்து பாராசிட்டமால். நாப்ராக்சன் வலியை ஓரளவு குறைப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆனால் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களுக்கும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அந்த வகை வலிமாத்திரைகள் ஆகாது, கேட்காமல் போடக்கூடாது. அலர்ஜிக்குத் தரும் லோரடடின் சிலருக்குப் பலன் தருகிறது, எல்லாருக்கும் அல்ல. அக்காவுக்கு அடுத்த சுழற்சியில் டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டோம். வலி வந்தது, ஆனால் அந்தக் கேள்வி வரவில்லை. கீமோ நோயாளி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை நம் வீடுகளில் பெருமையாகப் பேசுவார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சொன்னால் குறைக்கக்கூடிய வலி இது.

ஒரு வலியை மட்டும் எலும்பு வலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இடது விலாவுக்குக் கீழே, வயிற்றின் மேல்பகுதியிலோ இடது தோள்முனையிலோ கடுமையாக வலித்தால் மண்ணீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். மிக அரிது, ஆனால் உடனே போக வேண்டியது. மூச்சுத்திணறலும் அப்படியே.

இன்னொரு குழப்பம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும். ஊசிக்குப் பிறகு வெள்ளையணு எண்ணிக்கை 30,000, 40,000 என்று ஏறியிருப்பதைப் பார்த்து வீடே கலங்கும். இது பெரும்பாலும் மருந்தின் விளைவு, தானாக இறங்கும். சீட்டை டாக்டரிடம் காட்டினால் போதும். தினசரி ஊசி போடுகிறவர்களுக்கு முதல் இரண்டு நாளிலேயே எண்ணிக்கை ஏறிக் காட்டும், ஏற்கெனவே இருப்பில் இருந்தவை வெளியே வருவதால். ‘கவுண்ட் ஏறிடுச்சே’ என்று பாதியில் நிறுத்தினால், அடிமட்ட நாட்கள் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. டாக்டர் சொன்ன நாள்வரை போட வேண்டும். மாதுளை, பேரீச்சை, பப்பாளி இலைச்சாறு என்று அன்போடு வந்து சொல்பவர்கள் இருப்பார்கள். பழம் சாப்பிடலாம், நன்றாகக் கழுவி. ஆனால் மஜ்ஜையை முடுக்கும் வேலையை எந்தச் சாறும் செய்யாது. எல்லாருக்கும் இந்த ஊசி தேவையும் இல்லை. வெள்ளையணு குறைந்து காய்ச்சல் வரும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் உள்ள கீமோ முறைகளுக்குத்தான் முதலிலிருந்தே போடச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு வயது, வேறு நோய்கள் பார்த்து முடிவெடுப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்டார்கள், நமக்குப் போடவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

மெட்காஃப் 2014 டிசம்பரில் கணையப் புற்றால் இறந்தார். அதற்குள் அவர் தேடிய தூண்டி கோடிக்கணக்கான உடம்புகளுக்குள் போய் வந்திருந்தது. புற்று இல்லாத நலமான உடம்புகளுக்குள்ளும் போகிறது: ரத்தப் புற்று நோயாளி ஒருவருக்குத் தண்டு உயிரணு கொடுக்க முன்வருகிறவர்களுக்குச் சில நாட்கள் இதே ஊசி போட்டு, மஜ்ஜையிலிருக்கும் தண்டு உயிரணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்து எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் அதே எலும்பு வலிதான்.

அந்த 40 சதவீதத்துக்கு வருகிறேன். ஊசி போட்டாயிற்று, இனிக் காய்ச்சல் வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கீமோ எடுக்கும் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். எலும்பு வலிக்குப் பாராசிட்டமால் போடும் முன் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் பாருங்கள். மாத்திரை வலியோடு சேர்த்துக் காய்ச்சலையும் மறைத்துவிடும். 38.3 டிகிரியை, ஃபாரன்ஹீட்டில் 101-ஐ, ஒரு முறை தொட்டாலும், அல்லது 38 டிகிரி, அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடித்தாலும், குளிர் நடுக்கம் வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனதும் முதல் வார்த்தையாக, “கீமோ எடுத்துக்கிட்டிருக்கோம், காய்ச்சல் வந்திருக்கு” என்று சொல்லுங்கள்.